ஆழ்கடலில் கோடு கிழித்தால் போதுமா?

சென்ற மாதம் மும்பை மாட்டுங்காவில் நடந்த ஒரு சிறிய கூட்டத்தில், வெர்சோவாவில் மீன்வளம் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்துக் கேட்டார். ஆழ்கடலில் ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட வாழிடம் என்று அறிவித்த பிறகும் அங்கே மீன்பிடிப்பின் பாதிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருப்பது ஏன்? மற்ற நாடுகளில் அதை எப்படிச் செய்கிறார்கள்? மகாராஷ்டிரக் கரைக்கு எதிரேயுள்ள ஆங்கிரியா திட்டுக்கு அந்த முறைகள் பொருந்துமா? கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு எழுந்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீன்வள ஆய்வுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, அதில் கணிசமான காலத்தைக் கப்பல் தளத்திலேயே கழித்து, இப்போது செம்பூரில் ஓய்வாக இருப்பவன் என்ற முறையில், விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை காலக்கணக்கில் இருக்கிறது. நிலத்தில் ஒரு காட்டை வெட்டிவிட்டுப் பிறகு வேலி போட்டால், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது மரம் தழைக்கும். வெளிச்சம் எட்டாத குளிரில், மேலிருந்து தூறலாக இறங்கும் உணவை நம்பி வாழும் உயிர்களிடம் அந்தக் கணக்கு செல்லாது. வட அட்லாண்டிக்கில் திட்டுகளைக் கட்டும் லோஃபீலியா என்ற குளிர்நீர்ப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரைதான் வளர்கிறது. நார்வேக்கு அப்பால் அது எழுப்பியிருக்கும் திட்டுகளில் சில 8,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஹவாய்க்கு அருகே எடுக்கப்பட்ட கரும்பவளம் ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது அதன் வயது சுமார் 4,265 ஆண்டுகள் என்று தெரிந்தது. கீழடியில் பானை வனைந்தவர்கள் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முளைத்து, நம் காலம் வரை உயிரோடு இருந்த விலங்கு அது. அந்த ஆழத்து மீன்களும் இப்படித்தான். நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களின் ஆரஞ்சு ரஃபி மீன் ஏறக்குறைய 30 வயதில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. நூறு வயதைத் தாண்டியும் வாழ்கிறது. அது கடலடி மலைகளின் உச்சியில் கூட்டமாகக் கூடும் பழக்கமுடையது என்பதால், மீனையும் அது கூடும் பவளத்தையும் ஒரே இழுப்பில் அள்ளிவிட முடிந்தது.

அந்த இழுப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். இழுவை மடி என்பது கப்பல் கடல் தரையோடு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை. அதன் வாயைத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் பலகைகள் உண்டு. பெரிய ஆழ்கடல் கப்பல்களில் ஒரு பலகையின் எடை ஒரு டன்னைத் தாண்டும். மடியின் அடிக்கயிற்றில் பாறைமேல் ஏறி உருள்வதற்கென்று கனத்த ரப்பர் உருளைகளைக் கோத்திருப்பார்கள். பலகைகளுக்கு இடையே 100 மீட்டர் அகலம், வேகம் மணிக்கு 3 கடல் மைல், இழுக்கும் நேரம் 4 மணி என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு இழுப்பில் சுமார் 22 கி.மீ. நீளத்துக்கு, 2.2 சதுர கி.மீ. தரை சீவப்படும். தெற்கு மும்பையின் ஓவல் மைதானம் 22 ஏக்கர். அதைப்போல 25 மைதானங்கள், ஒரு மதிய வேளைக்குள். பலகை கிளப்பும் சேற்றுப்புகை சற்றுத் தள்ளியிருக்கும் கடற்பஞ்சுகளின் மேல் படிந்து அவற்றை மூச்சுத் திணறச் செய்வது இந்தக் கணக்கில் சேரவில்லை.

அறிவிப்பு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு நான் மாணவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் டார்வின் மேடுகள். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், மணல் மேடுகளின் மேல் பவளம் வளர்ந்திருக்கும் இடம் அது. 1998-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். (பெயர் நேராக டார்வினிடமிருந்து வந்ததன்று, அவர் பெயரைத் தாங்கிய ஆய்வுக் கப்பலிடமிருந்து வந்தது.) கண்டுபிடித்த இரண்டே ஆண்டுகளில், 2000-இல் மறுபடி போய்ப் படம் எடுத்தபோது, தரையில் இழுவைப் பலகைகளின் தடங்களும் நொறுங்கிக் கிடந்த பவளமும் தெரிந்தன. பிரிட்டிஷ் அரசு தானாகத் தடை போட முடியவில்லை. அந்தக் கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்திடம் இருந்தது; பிரிட்டன் விதிக்கும் கட்டுப்பாடு பிற ஐரோப்பிய நாட்டுக் கப்பல்களைக் கட்டாது. வாழிடங்களைக் காக்கும் ஐரோப்பியச் சட்டம் 200 கடல் மைல் வரை செல்லும் என்பதையே லண்டன் உயர் நீதிமன்றம் 1999-இல்தான் தெளிவுபடுத்தியது. 2003 ஆகஸ்டில் அவசரத் தடை வந்தது, 2004-இல் அது நிரந்தரமானது. முதல் தடை வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல், ஆய்வாளர்கள் திரும்பிச் சென்றார்கள். மேற்குப் பகுதியில் தப்பியிருந்த பவளம் அப்படியே இருந்தது. இழுக்கப்பட்டிருந்த கிழக்குப் பகுதியில் புதிய பவளம் எதுவும் வந்து குடியேறியிருக்கவில்லை. தடை தன் வேலையைச் சரியாகச் செய்தது, இருந்ததைக் காப்பாற்றியது. இழந்ததைத் திருப்பித் தருவது அதன் கையில் இல்லை.

முழுக்க அவநம்பிக்கையாகவும் பேசக்கூடாது. ஹவாய்க்கு வடமேற்கே நீளும் கடலடி மலைத்தொடரில், அமெரிக்கா 1977-இல் தன் 200 மைல் எல்லையை அறிவித்ததால் மூடப்பட்ட சில மலைகளை, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நொறுங்கிய குவியல்களுக்கும் அறுந்த வலைகளுக்கும் நடுவே பவளம் திரும்ப முளைக்கும் அறிகுறிகளைக் கண்டார்கள். நாற்பது ஆண்டுகளில் அறிகுறி. ஓர் அரசு அதிகாரியின் பணிக்காலம் முழுவதும் கடந்த பிறகு.

ஆகவே ஆழ்கடலில் எந்த விதியையும் மதிப்பிட நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: அது முதல் மடி இறங்குவதற்கு முன்னால் வேலை செய்கிறதா, பின்னால் வேலை செய்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நடைமுறையில் இருக்கும் கருவிகளைப் பார்ப்போம்.

மிக எளிமையானது ஆழ வரம்பு. மத்தியதரைக் கடலில் 1,000 மீட்டருக்குக் கீழே அடித்தள இழுவையை 2005-இலேயே தடை செய்துவிட்டார்கள். அந்த ஆழத்தில் அப்போது இழுத்தவர்கள் அநேகமாக இல்லை. அதனால்தான் எதிர்ப்பில்லாமல் அது நிறைவேறியது. யாருக்கும் வலிக்காத தடையால் என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். என் பார்வையில் அதுவே ஆழ்கடலில் கிடைக்கும் மிக மலிவான பாதுகாப்பு. ஆள் இறங்கிய பிறகு அதே தடைக்கு நஷ்ட ஈடும் நீதிமன்றமும் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியம் வட கிழக்கு அட்லாண்டிக்கில் 800 மீட்டர் என்ற வரம்பை 2016-இல்தான் சட்டமாக்கியது. அதற்குள் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் பல ஆண்டுகள் அங்கே தொழில் செய்து பழகியிருந்தன. நெடிய சண்டைக்குப் பிறகே அது சாத்தியமாயிற்று. அந்த எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஸ்காட்லாந்துக்கு மேற்கே நடந்த ஆய்வில், 600 முதல் 800 மீட்டருக்குக் கீழே போகப் போக, விற்கக்கூடிய மீனுக்கு ஈடாகக் கடலில் வீசப்படும் உயிர்களின் பங்கு, குறிப்பாக ஆழ்கடல் சுறாக்களின் பங்கு, ஏறிக்கொண்டே போவதும் வருமானம் இறங்குவதும் தெரிந்திருந்தது.

அடுத்தது, ஏற்கெனவே மீன்பிடிக்கப்பட்ட பரப்பை வரைந்து, அதற்கு வெளியே போக வேண்டுமானால் முன்கூட்டியே பாதிப்பு மதிப்பீடு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்ற முறை. ஐ.நா. பொதுச்சபையின் 2006-ஆம் ஆண்டுத் தீர்மானமும், உணவு வேளாண்மை நிறுவனம் 2008-இல் உருவாக்கிய ஆழ்கடல் மீன்பிடி வழிகாட்டுதல்களும் பிராந்திய மீன்வள அமைப்புகளை இந்தத் திசையில் தள்ளின. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை இது தலைகீழாக மாற்றுகிறது: பாதிப்பு உண்டு என்று விஞ்ஞானி நிரூபிக்க வேண்டிய இடத்தில், பாதிப்பு இராது என்று கப்பல்காரர் காட்ட வேண்டியதாகிறது. நான் பெரிதும் மதிப்பது இந்த விதியைத்தான்.

இனி, மேடைகளில் அதிகம் பேசப்படுவதும் எனக்கு அதிகம் மனத்தாங்கல் உள்ளதுமான விலகிச் செல்லும் விதி. கப்பல் மடியைத் தூக்கும்போது அதில் பவளமோ கடற்பஞ்சோ ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால், உடனே நிறுத்தி, பதிவு செய்து, குறைந்தது 2 கடல் மைல் விலகிப் போக வேண்டும். வட கிழக்கு அட்லாண்டிக் மீன்வள ஆணையத்தின் விதியில் இழுவை மடிக்கு அந்த அளவு 30 கிலோ உயிருள்ள பவளம் அல்லது 400 கிலோ பஞ்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மடி என்பது பவளத்தைச் சேகரிக்கச் செய்த கருவி அன்று. உடைந்த துண்டுகளில் மிகப் பெரும்பகுதி கண்ணிகளின் வழியாகவும் அடிக்கயிற்றின் கீழாகவும் தரையிலேயே தங்கிவிடும். தளத்துக்கு 30 கிலோ வந்தால் கீழே அதைப்போல எத்தனை மடங்கு நொறுங்கியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். மேலும் இரண்டு மைல் விலகிய இடத்தில் பவளம் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? வீட்டுக்குள் நுழைந்து பாத்திரத்தை உடைத்த பிறகு, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்வதைப் போன்ற விதி இது. அண்டார்க்டிகக் கடலின் ஆணையம் இதைச் சற்று விவேகமாகக் கையாள்கிறது. அங்கே, நாடுகளின் எல்லைக்கு வெளியே உள்ள நீரில், அடித்தள இழுவைக்கு இடமே கிடையாது. பெரும்பாலும் தூண்டில் கயிறுகள்தான். கயிற்றின் ஒரு பகுதியில், அதாவது 1,000 கொக்கிகள் அல்லது 1,200 மீட்டர் நீளத்தில், 10 அலகோ அதற்கு மேலோ அடித்தள உயிர்கள் வந்தால் (ஒரு லிட்டர் அல்லது ஒரு கிலோ ஓர் அலகு) அந்த இடத்தைச் சுற்றி ஒரு கடல் மைல் ஆரம் எல்லாக் கப்பல்களுக்கும் மூடப்படுகிறது. ஒருவர் இடித்த பாறையை அடுத்தவர் இடிக்காமல் இருப்பார்.

எடை போடும் எந்த விதியும் எடையைச் சொல்ல ஆள் இருந்தால்தான் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் ஒரு விடிகாலை. ஐஸ் அரைக்கும் சத்தத்துக்கும் கூடைகளை இழுக்கும் கோளிப் பெண்களின் ஏலக் குரலுக்கும் நடுவே, இஞ்சின் கோளாறால் ஒதுங்கியிருந்த கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதித் தூண்டில் படகு ஒன்றின் தலைவரான ஸ்ராங்கோடு பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்க் குரல் கேட்ட மகிழ்ச்சியில் அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இது மரமா சார் என்று கேட்டார். தூண்டில் கயிற்றில் சிக்கி, முழங்கை நீளத்துக்கு, ஈரமான துடைப்பம் போல் பல கிளைகளாகப் பிரிந்த கரும்பவளம். 180 பாகம் ஆழத்தில், அதாவது சுமார் 330 மீட்டரில், கொக்கி மாட்டியதாம். அது எங்கே என்று கேட்டேன். "கரைக்குக் கொண்டுவந்தா கேஸ் ஆயிடும்னு சொல்றாங்க சார், கடல்ல போட்டா கேக்க ஆளில்ல" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கரும்பவளம், விசிறிப்பவளம், திட்டு கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அலங்காரப் பொருளாகப் பவளம் விற்பவர்களைத் தடுக்க அந்தச் சட்டம் மிகவும் உதவியது. தற்செயலாக வலையில் வந்ததைப் பதிவு செய்வதற்கு அதில் வழி ஏதும் இல்லாததால், ஆழ்கடல் பவளத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய தகவலெல்லாம் பயத்தோடு சேர்த்துக் கடலில் வீசப்படுகிறது. உயிரைக் காக்கும் சட்டம் இருக்கிறது, அந்த உயிர் எங்கே இருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பை அதே சட்டத்தின் அச்சம் அடைத்துக்கொண்டிருக்கிறது. குற்றமாகக் கருதாமல் படத்தையும் இடத்தையும் மட்டும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இங்கே முதல் தேவை.

கண்காணிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் கோடு இருப்பதும் கடலில் கோடு இருப்பதும் வேறு வேறு. உலகில் ஆழ்நீர்ப் பவளத்துக்காக முதன்முதலில் மூடப்பட்ட இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அப்பாலுள்ள ஆக்குலினா திட்டு. ஆழ்கடல் என்று சொல்ல முடியாத 70 முதல் 100 மீட்டரில் இருக்கிறது. 1984-இலேயே இழுவையைத் தடை செய்தார்கள். ஆனால் இறால் கப்பல்கள் திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டே இருந்தன. பின்னர் நீர்மூழ்கிக் கருவிகள் இறங்கிப் பார்த்தபோது பெரும்பகுதி பொடிக் குவியலாகிக் கிடந்தது. அங்கே இறால் பிடிக்கும் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் கருவி கட்டாயமானது 2003-இல்தான். கருவி பொருத்தினாலும் நுணுக்கம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லும் கருவி என்றால், மணிக்கு 3 மைல் வேகத்தில் இழுக்கும் கப்பல் இரண்டு பதிவுகளுக்கு இடையே 11 கி.மீ. போய்விடும், இரண்டு கி.மீ. அகலமுள்ள திட்டை இடையில் கடந்து சென்றதற்குச் சாட்சியே இராது. கப்பல் இருக்கும் இடம் வேறு, மடி இருக்கும் இடம் வேறு என்பதும் பலருக்குத் தோன்றாத விஷயம். 1,000 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மடங்கு வடம் விட்டிருந்தால், மடி கப்பலுக்கு ஒன்றே முக்கால் கி.மீ. பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆகவே பவளத்தின் விளிம்பிலேயே எல்லைக்கோட்டைப் போடாமல், ஆழத்தைப் பொறுத்து வெளிப்புறத்தில் ஒரு காவல் பட்டை விட்டுத்தான் எல்லை வரைய வேண்டும்.

எல்லையை யார் வரைவது என்பதில் நான் பார்த்த நல்ல உதாரணமும் சங்கடமான உதாரணமும் உண்டு. நார்வேயில் பவளத் திட்டுகள் நொறுங்குவதை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் கரையோர மீனவர்கள் முக்கியமானவர்கள். தலைமுறையாகத் தூண்டிலும் செவுள் வலையும் போட்டுவந்த இடங்களில் இழுவைக் கப்பல்கள் வந்த பிறகு மீன்பாடு குறைந்ததாக அவர்கள் முறையிட்டார்கள். ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்து, நாட்டின் பவளப் பரப்பில் 30 முதல் 50 விழுக்காடு வரை சேதமோ பாதிப்போ அடைந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1999-இல் சூலா திட்டுக்கு இழுவைத் தடை வந்தது. ஐரோப்பாவில் அதுதான் முதல். 2002-இல் கண்டறியப்பட்ட, சுமார் 35 கி.மீ. நீளமுள்ள ரோஸ்ட் திட்டு சேதமடையாத நிலையிலேயே பாதுகாப்புக்குள் வந்தது. அங்கே தூண்டிலை ஒதுக்கவில்லை, இழுவையை மட்டும் ஒதுக்கினார்கள். அதனாலேயே மீனவர்கள் கோட்டைத் தங்கள் கோடாகக் காத்தார்கள். இதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் 87 இடங்களை, மொத்தம் 16,419 சதுர கி.மீ. பரப்பை, தூண்டில் உட்பட எல்லா அடித்தளக் கருவிகளுக்கும் மூடியபோது ஸ்பெயின் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். தூண்டில்காரரையும் இழுவைக்காரரையும் ஒரே தராசில் வைப்பது, ஆதரவாளராக இருக்கக்கூடியவரை எதிரியாக்கும் வேலை என்பது என் எண்ணம்.

சங்கடமானது நியூசிலாந்து. 2007-இல் அந்நாடு தன் கடலில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை, 17 பகுதிகளாக, அடித்தள இழுவைக்கு மூடியது. மீன்பிடி நிறுவனங்களே முன்வைத்த திட்டம் அது. பரப்பளவைக் கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனால் மூடியதில் பெரும்பகுதி இழுப்பதற்கே இயலாத ஆழத்திலோ, மீன் கிடைக்காத இடத்திலோ இருந்தது என்று ஆய்வாளர்கள் குறைகூறினார்கள். முன்பு மத்தியதரைக் கடலைப் பாராட்டிவிட்டு இதைக் குறைசொல்வது முரண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். முன்கூட்டியே மூடுவது நல்லது. அதையே காட்டி, மீன்பிடிக்கும் மலைகளை மூடாமல் தப்பித்துக்கொள்வதுதான் நல்லதன்று. நம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலும் நிறுவனங்கள் 2006-இல் தாமாகவே 11 பகுதிகளை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தன. பின்னர் அந்தக் கடலுக்கான மீன்வள ஒப்பந்த அமைப்பு 2018-இல் ஐந்து இடங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்றின் பெயர் 'மிடில் ஆஃப் வாட்', அதாவது 'எதன் நடுவே?'. நடுக்கடலில் யாரோ ஒரு கப்பல் தலைவர் சலிப்போடு கேட்ட கேள்வி வரைபடத்தில் நிலைத்துவிட்டது போலும்.

இனி நம் கடல். வெளிநாட்டு விதிகளை அப்படியே எடுத்து அரபிக் கடலில் ஒட்ட முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கண்டத்திட்டின் அகலம், அதாவது கரையிலிருந்து ஆழ்கடல் தொடங்கும் வரை நீளும் ஆழம் குறைந்த தரையின் அகலம். மும்பைக்கு எதிரே அது சுமார் 300 கி.மீ. விரிந்து கிடக்கிறது, கேரளக் கரையில் மிகவும் குறுகிவிடுகிறது. அதனால் சசூன் டாக்கின் இழுவைப் படகுகளுக்கு ஆழ்கடல் எட்டாத தூரம். கொல்லத்துப் படகுகளுக்கு அது கூப்பிடு தொலைவு. இரண்டாவது காரணம் பிராணவாயு. அரபிக் கடலில் ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழே வரை பிராணவாயு மிகக் குறைந்த நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. வடக்கே போகப் போக அது கடுமையாகிறது. மும்பை நேர்க்கோட்டில் அந்தப் படலத்தின் நடுவே பெரிய உயிர்களுக்கு வாழ்க்கை கடினம். அதே ஆழத்தில், தெற்கே கொல்லம் திட்டில், ஆழ்கடல் இறால் கொழிக்கிறது. ஐரோப்பாவின் 800 மீட்டரை நாம் நகலெடுத்தால், வடக்கே யாரும் இழுக்காத வெறும் நீரைக் காத்துக்கொண்டு, தெற்கே 250 முதல் 400 மீட்டரில் நடக்கும் உண்மையான இழுவையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம்.

அந்தக் கொல்லம் இழுவை 1999-2000 வாக்கில் வணிக அளவில் சூடுபிடித்தது. ரெட் ரிங் என்று ஏற்றுமதியாளர்கள் அழைக்கும் சிவப்பு இறாலுக்கு நல்ல விலை. ஆழ்கடல் சுறாவின் கதை இன்னும் விரைவானது. ஈரலில், அழகுப் பொருள்களுக்காக வாங்கப்படும் ஸ்குவாலீன் எண்ணெய் நிறைந்த அந்தச் சுறாக்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கருச்சுமந்து ஒன்றிரண்டு குட்டிகள்தான் போடும். மாலத்தீவில் 1980-களில் தொடங்கிய அந்தத் தொழில் இருபது ஆண்டுகளுக்குள் சரிந்துபோனது. அதற்குப் பிறகு அதே தேவை நம் தென்மேற்குக் கரைக்கும் அந்தமானுக்கும் நகர்ந்தது. பாக் நீரிணை நெருக்கடியைத் தணிக்க 2017-இல் கொண்டுவந்த திட்டம் கூட, இழுவைப் படகை விட்டுவிட்டு 80 லட்சம் ரூபாய்ப் படகில் சூறை மீனைத் தேடி ஆழ்கடலுக்குப் போங்கள் என்றுதான் சொன்னது. மேல்நீரில் சூறை பிடிப்பதால் அடித்தளத்துக்குக் கேடில்லை. ஆனால் சூறை கிடைக்காத மாதங்களில் அதே படகு எந்தக் கருவியை எங்கே இறக்கும் என்பதையும் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆங்கிரியாவுக்கு வருகிறேன். மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் பெயரைத் தாங்கிய இந்தத் திட்டு, விஜயதுர்கத்துக்கு மேற்கே சுமார் 105 கி.மீ. தொலைவில், கண்டத்திட்டின் விளிம்பில், சுமார் 40 கி.மீ. நீளமும் 15 கி.மீ. அகலமும் கொண்டு நீருக்குள் மூழ்கியிருக்கிறது. உச்சி ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் அங்கே வெளிச்சமும் வெதுநீர்ப் பவளமும் உண்டு. 2019 டிசம்பரில் ஆய்வுக்குழு ஒன்று முக்குளித்துப் பதிவு செய்தது. விளிம்பைத் தாண்டினால் தரை சரிந்து ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. அதனால் ஒரே திட்டுக்கு இரண்டு வகை விதி வேண்டும்: உச்சியில் நங்கூரமும் வலையும், சரிவில் மடியும் அடித்தளத் தூண்டிலும்.

இங்கேதான் டார்வின் மேடுகளின் கதை திரும்பி வருகிறது. மகாராஷ்டிரத்தின் 1981-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் 12 கடல் மைல், அதாவது 22 கி.மீ. வரைதான் செல்லும். கடல் சரணாலயம் அறிவிக்கும் வனவிலங்குச் சட்டத்தின் வழியும் அதே எல்லையில் நின்றுவிடும். ஆங்கிரியா அதற்கு நான்கு மடங்குக்கும் அப்பால் இருக்கிறது. பிரிட்டன் பிரஸ்ஸல்ஸைப் பார்த்து நின்றதைப் போல, மும்பை டெல்லியைப் பார்த்து நிற்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை: 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டத்தில், பொருளாதார மண்டலத்தின் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள கடலின்) ஒரு பகுதியைக் குறிப்பிட்ட பகுதியாக அறிவித்து அங்கே கடற்சூழலைக் காக்க ஏற்பாடு செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள், இயந்திரப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கி, எல்.இ.டி. விளக்கு வைத்து மீன்பிடிப்பது, ஜோடி இழுவை (இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுப்பது) ஆகியவற்றைத் தடை செய்கின்றன. அனுமதிச் சீட்டு என்று ஒன்று வந்துவிட்டால், எந்த இடத்தில் எந்தக் கருவி கூடாது என்ற நிபந்தனையை அதன் முதுகிலேயே அச்சிட்டுவிடலாம். புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் செய்வதாக இருந்தால், பெரிய அறிவிப்பில் தொடங்க மாட்டேன். உச்சியிலும் சரிவிலும் 200 மீட்டருக்குக் கீழேயும் அடித்தள இழுவை கூடாது என்ற ஒற்றை விதியை, இப்போது அங்கே அதிகம் யாரும் இழுக்காத இந்த நேரத்திலேயே கொண்டுவருவேன். கைத்தூண்டிலும் மேல்நீர்த் தூண்டிலும் நடக்கட்டும்; கொங்கண் மீனவர்களும் தூத்தூர்க்காரர்களும் அங்கே வருவது தொடர்ந்தால்தான் திருட்டு மடியைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கும். 2024 ஆகஸ்டில் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டத்தின்படி ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர், அதாவது படகின் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் கருவி, எல்லை தாண்டினால் எச்சரிக்கை செய்யக்கூடியது. பன்னாட்டு எல்லைக்காகச் செய்த அதே ஏற்பாட்டில் ஆங்கிரியாவின் காவல் பட்டையையும் ஏற்றிவிடலாம். மேற்கே இன்னும் தொலைவில், லட்சுமி படுகையில், நம் திருச்சிராப்பள்ளிக்காரர் சி.வி. ராமன் பெயரில் ஒரு கடலடி மலையும் அருகில் பணிக்கர் பெயரில் ஒன்றும் இருக்கின்றன. அங்கே யாரும் மடி இறக்கியதாக நான் அறிந்ததில்லை. மத்தியதரைக் கடல் 2005-இல் செய்ததைச் செய்ய அவற்றைவிடத் தோதான இடம் கிடைக்காது.

வரைபடத்துக்கு எங்கே போவது என்றும் அந்த மாணவி கேட்டார். ஆய்வுக் கப்பல் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மீனவர்கள் கடலடிப் பாறையைப் பார் என்கிறார்கள். எந்தப் பாரில் மடி கிழிந்தது, எதில் கயிறு அறுந்தது என்பதை ஒவ்வொரு படகும் தன் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருக்கிறது. சசூன் டாக்கில் அந்த ஸ்ராங்கு தம் கருவியைத் திறந்து காட்டினார். மீன் கிடைத்த புள்ளிகளுக்கு மீன் குறி. கயிறு மாட்டிய புள்ளிகளுக்கு மண்டையோட்டுக் குறி. மேற்குக் கரை நெடுகிலும் கண்டத்திட்டின் விளிம்பைப் பிடித்தாற்போல் மண்டையோடுகள் வரிசையாக இருந்தன. மீன் குறிகளை விரலால் மறைத்துக்கொண்டார். மண்டையோடுகளை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் சார், ஆனால் நாளைக்கு அந்த இடத்தில் தடை போட்டால் கெசட்டில் போடாதீர்கள், இந்தக் கருவியில் தெரிகிற மாதிரி போடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள் என்றார்.